காலும் கிண்ணமும்: ஒரு பழைய துருக்கியச் சொல்லைத் தேடி

துருக்கி நாட்டில் காலணிக்கு 'அயக்கபி' என்று பெயர். அயக் என்றால் கால், கப் என்றால் உறை அல்லது பாத்திரம். கால் போய் உட்காரும் பாத்திரம்தான் செருப்பு! இஸ்தான்புல் கடைத்தெருவில் இந்தச் சொல் இல்லாத பலகையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதன் முன்பாதியான அயக்கைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

வரைபடத்தில் அயக்கைப் பிடித்துக்கொண்டு கிழக்கே நடந்தால் வெகுதூரம் வரை தடங்கலே கிடையாது. அஸர்பைஜானில் அயக். காஸ்பியன் கடலைத் தாண்டித் துருக்மெனிஸ்தானில் அயக். கஸாக், கிர்கிஸ், வடக்கே கஸான் நகரத்துத் தாத்தார் என்று எல்லாரும் அயக். உஸ்பெக்காரர்கள் மட்டும் வாயைக் கொஞ்சம் குவித்து ஒயொக் என்பார்கள். சீனாவின் மேற்குக் கோடியில் உய்கூர்களிடம் போய்ச் சேர்ந்தாலும் அயக்தான்.

அல்தாய் மலைப்பக்கம் போனதும் ஆட்டம் மாறுகிறது. யெனிசெய் ஆற்றங்கரையில் வாழும் ககாஸ் மக்களுக்குக் கால் 'அஸஹ்'. பக்கத்துத் துவா மொழியில் 'அதக்' என்ற சொல் இருக்கிறது, ஆனால் அது அடிப்பகுதி, கீழ்முனை என்ற பொருளுக்கு நகர்ந்துவிட்டது. இன்னும் வடகிழக்கே, லேனா நதிக்கரையில் உறைபனிக்கு நடுவே குடியிருக்கும் யாக்கூத்துகள் 'அத்தஹ்' என்கிறார்கள். அங்கிருந்து பல ஆயிரம் கிலோமீட்டர் மேற்கே திரும்பி, ரஷ்யாவின் வோல்கா நதிக்கரைக்கு வந்தால் சுவாஷ் மொழியில் கால் 'உரா'. கடைசியாக, நடு ஈரானில் கலஜ் என்ற சின்ன மொழி ஒன்று இருக்கிறது. அங்கே 'ஹதக்'.

எழுத்து பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். ககாஸ் 'அஸஹ்' என்பதில் ஸவை ரீங்காரத்தோடு படியுங்கள், தேனீ பறப்பது போல. யாக்கூத்துக்கு நான் 'த்த' போட்டிருப்பது வல்லினத் தகரத்தைக் காட்டத்தான், அழுத்தி இரட்டிக்க வேண்டியதில்லை. 'அதக்' என்பதில் வருவது நாம் 'பாதம்' என்று சொல்லும்போது வாயில் வருகிற மெல்லிய த. இந்தக் கடைசிக் குறிப்பை மறந்துவிடாதீர்கள், பின்னால் வேலை இருக்கிறது.

அயக், அஸஹ், அதக், அத்தஹ், உரா, ஹதக். இவை எல்லாம் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்கிறார்கள் மொழியியலாளர்கள். நடு எழுத்து மட்டும் வீட்டுக்கு வீடு மாறியிருக்கிறது. துருக்கிய மொழிகளை எந்தக் கிளையில் சேர்ப்பது என்று பிரிப்பதற்கே இந்தக் கால் சொல்லைத்தான் அடையாளமாக வைத்திருக்கிறார்கள். 'அஸக் மொழிகள்', 'அயக் மொழிகள்' என்று பேசிக்கொள்வது அந்தத் துறையில் சாதாரணம். ஒரு குடும்பத்தை மூக்கை வைத்துப் பிரிக்காமல் காலை வைத்துப் பிரித்திருக்கிறார்கள்.

சரி, தாய் எப்படி இருந்தாள்? நடு எழுத்து எது?

முதலில் தோன்றுகிற வழி, கையைத் தூக்கச் சொல்லி எண்ணிப் பார்ப்பது. அப்படிப் பார்த்தால் யகரம் அமோகமாக வெல்லும். துருக்கி மொழி பேசுவோர் மட்டுமே ஏறத்தாழ 8 கோடி. ககாஸ் பேசுவோர் சில பத்தாயிரம் பேர்தான், கலஜ் இன்னும் குறைவு. ஆனால் பேசுகிற தலைகளுக்கும் சொல்லின் வயதுக்கும் சம்பந்தம் கிடையாது. ஒரு கூட்டம் குதிரை ஏறிப் பாதிக் கண்டத்தைப் பிடித்தால் அதன் உச்சரிப்பும் கூடவே பரவிவிடும், அவ்வளவுதான். மலை இடுக்கில் ஒதுங்கிய மொழிதான் பழையதைப் பத்திரமாக வைத்திருக்கும் என்று சொல்வோரும் உண்டு. அதுவும் பாதி உண்மைதான். ஒதுங்கிய மொழிகள் தம் போக்கில் விசித்திரமாக மாறியும் போகும், சுவாஷைப் பாருங்கள்.

இந்தக் கேள்விக்குச் சரியான விடை வருவது வேறொரு சொல்லிலிருந்து. அது ஒரு கிண்ணம்.

கஸாக் மொழியில் அயக் என்றால் கால். அதே கஸாக்கில் அயக் என்றால் கிண்ணம், குடிக்கும் கலம் என்றும் பொருள். 'பாத்திரம் பண்டம்' என்று நாம் சொல்வது போல அவர்கள் சொல்லும் இரட்டைச் சொல்லில் இந்த அயக்தான் பின்பாதி. துருக்கியிலும் ஒரு காலத்தில் இப்படித்தான். ஒட்டோமான் கவிஞர்கள் காலையும் மதுக்கிண்ணத்தையும் ஒரே சொல்லில் வைத்துச் சிலேடை பாடியிருக்கிறார்கள். காளமேகம் அந்தப் பக்கம் பிறந்திருந்தால் இதை வைத்தே ஒரு நூறு வெண்பா பாடியிருப்பார்.

இப்போது ககாஸ் மொழிக்குப் போங்கள். அங்கே சிலேடைக்கு வழியில்லை. கால் அஸஹ், கிண்ணம் அயஹ். துவாவில் கீழ்முனை அதக், கிண்ணம் அயக். யாக்கூத்தில் கால் அத்தஹ், குமிஸ் என்னும் குதிரைப்பால் பானத்தை ஊற்றித் தரும் பெரிய மரக்கலம் அயஹ்.

இதை ஒரு நிமிடம் அசைபோட்டுப் பாருங்கள். கிண்ணத்தில் எல்லா மொழியும் யகரத்தோடு நிற்கிறது. காலில் மட்டும் ஆளுக்கு ஒரு வழி. தாய்மொழியில் இரண்டு சொற்களும் ஒன்றாகவே 'அயக்' என்று இருந்திருந்தால், ககாஸ்காரர்கள் காலுக்கு மட்டும் யகரத்தை ஸகரமாக்கி, கிண்ணத்தை எப்படித் தொடாமல் விட்டார்கள்? எந்தச் சொல் கால், எந்தச் சொல் கிண்ணம் என்று நாக்குக்குத் தெரியுமா? ஒலி மாற்றம் பொருளைக் கேட்டுக்கொண்டு நடப்பதில்லை. ஒட்டியிருந்த இரண்டைப் பிறகு சரியாகப் பிரிக்க யாராலும் முடியாது. பிரிந்திருந்த இரண்டு ஒட்டிக்கொள்வது தினமும் நடக்கிறது. பேச்சில் ழகரத்தை ளகரமாகச் சொல்கிறவர்களுக்கு வாழையும் வாளையும் ஒன்றாகிவிடுகின்றன. எழுத்தே இல்லையென்றால் அவர்கள் பேரப்பிள்ளைகளால் மறுபடி பிரிக்கவே முடியாது. ஆகவே கஸாக்கும் துருக்கியும்தான் ஒட்ட வைத்தவர்கள். காலின் நடுவில் ஆதியில் இருந்தது யகரம் இல்லை.

இந்த வாதத்தைப் போல அழகான ஒன்றை நான் அதிகம் பார்த்ததில்லை. கல்வெட்டு வேண்டாம், ஓலை வேண்டாம். இன்றைக்கு உயிரோடு பேசப்படும் சொற்களையே அடுக்கி வைத்து, ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு மெய்யெழுத்தைப் பற்றி 'இது இல்லை' என்று அடித்துச் சொல்ல முடிகிறது.

மற்ற ஆட்களையும் இப்படியே விசாரிக்கலாம். யாக்கூத்தின் வல்லினத் தகரம் ஆதியானதா? முப்பது என்ற எண்ணைப் பாருங்கள். துருக்கியில் ஒத்துஸ், ககாஸில் ஒத்திஸ், யாக்கூத்தில் ஒத்துத், சுவாஷில் வத்தர். நடுவில் வல்லினத் தகரம் இருந்தால் அது எல்லா வீட்டிலும் தகரமாகவே இருக்கிறது. காலிலும் அது இருந்திருந்தால் துருக்கிக்காரர்கள் 'அத்தக்' என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பார்கள். தள்ளுபடி. ககாஸின் ரீங்கார ஸகரம்? பெண்பிள்ளைக்குத் துருக்கியில் கிஸ், சுவாஷில் ஹெர். ஒன்பது துருக்கியில் தொகுஸ், சுவாஷில் தஹர். அந்த ஒலி ஆதியில் இருந்த இடத்தில் துருக்கி ஸகரத்தை வைத்துக்கொள்கிறது. காலில் துருக்கிக்கு யகரம். இதுவும் தள்ளுபடி.

மிச்சம் நிற்பது நம் 'பாதம்' தகரம். நாக்கு நுனி பல்லைத் தொட்டும் தொடாமலும் நிற்க, குரல் அதிரும் அந்த ஒலி. அதைச் சொல்லிக்கொண்டே நாக்கைச் சற்று இறுக்கிப் பின்னால் இழுங்கள், ரீங்கார ஸ வருகிறது. முழுக்கத் தளர விடுங்கள், ய வருகிறது. அதிர்வை நிறுத்தி அழுத்துங்கள், வல்லினத் த. ஒருமுறை தட்டி விடுங்கள், ர. நான்கு ஊருக்கும் பஸ் பிரிகிற நிலையம் மாதிரி ஒரே இடத்திலிருந்து எல்லா வழியும் கிளம்புகிறது.

ஒரே ஒரு சொல்லை வைத்து இத்தனை பேசலாமா என்று கேட்கலாம். கேட்க வேண்டும். பிர்ச் என்ற வெள்ளைப் பட்டை மரம் சைபீரியா எங்கும் உண்டு. நம் பக்கம் பூர்ஜ மரம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், பட்டையில் ஏடு எழுதுவார்களே, அந்த இனம்தான். அதற்குத் துருக்கியில் கயின் (இன்று அங்கே அது பீச் மரத்தின் பெயராக நகர்ந்துவிட்டது), கஸாக்கில் கயிங், துவாவில் ஹதிங், ககாஸில் ஹஸிங், யாக்கூத்தில் ஹத்திங், சுவாஷில் ஹுரன். ய, ய, த, ஸ, த்த, ர. காலும் மரமும் ஒரே தாளத்தில் போகின்றன. வயிறு நிறைவதற்கான வினையிலும் துருக்கியில் தொய், ககாஸில் தொஸ், யாக்கூத்தில் தொத், சுவாஷில் தரன். இத்தனை சொற்களில் தற்செயலாக ஒரே வரிசை வராது.

சுவாஷின் உரா பார்ப்பதற்கு அசல் ஆளாகவே தெரியவில்லை, இல்லையா? அந்த மொழியையே ரொம்ப நாள் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள். ராட்லொஃப் போன்ற பெரிய அறிஞர்கூட, இது துருக்கியத்தைப் பிற்பாடு கற்றுக்கொண்ட ஃபின்னிய வகை மக்களின் பேச்சு என்றே நினைத்தார். ஆனால் பக்கத்துச் சொற்களைச் சேர்த்துப் பார்த்தால் உரா ஒழுங்காக வரிசையில் வந்து நிற்கும். மீனுக்குத் துருக்கியில் பலிக், சுவாஷில் புல. மண்ணுக்குத் துருக்கியில் தொப்ரக், சுவாஷில் தப்ரா. முதல் அகரம் உகரமாவதை மீனில் பாருங்கள். கடைசி ககரம் உதிர்வதை மீனிலும் மண்ணிலும் பாருங்கள். நடு எழுத்து ரகரமாவதைப் பிர்ச் மரத்தில் ஏற்கெனவே பார்த்தோம். மூன்றையும் 'அதக்' மீது போட்டால் உரா. ஒரு கூட்டல் கணக்கு விடை மாதிரி வந்துவிடுகிறது. முதல் பார்வைக்கு ஒத்துப்போகிற சொற்களைவிட, இப்படி ஒட்டவே ஒட்டாத மாதிரி இருந்து கணக்கில் சரியாக வரும் சொற்கள்தான் எனக்கு நம்பிக்கை தருகின்றன.

இனி ஆவணம். மங்கோலியாவில் ஒர்கோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் குல் தெகின் என்ற இளவரசனுக்கு 732-இல் எழுப்பிய நினைவுக்கல் நிற்கிறது. அதன் எழுத்தை யாராலும் படிக்க முடியாமல் இருந்து, டென்மார்க்கைச் சேர்ந்த வில்ஹெல்ம் தாம்ஸன் 1893-இல் உடைத்தார். ஒரு போர்க்களத்தில் துருக்கிய மக்களின் கால் தடுமாறியதைச் சொல்லும் இடத்தில் அந்தக் கல்லில் இருக்கும் சொல் 'அதக்'. ஒப்பிட்டுப் பார்த்து வந்த விடையும் கல்லில் வெட்டிய விடையும் ஒன்றுதான். ஆனாலும் ஒரு எச்சரிக்கை: கல்லில் இருப்பது தாயின் பேச்சு அல்ல. சுவாஷின் முன்னோர் அதற்கும் முன்பே வீட்டை விட்டுப் போய்விட்டார்கள். கல் பேசுவது மூத்த அக்கா ஒருத்தியின் பேச்சு, அவ்வளவே.

இதைவிட எனக்குப் பிடித்த சாட்சி ஒரு மனிதர். மஹ்மூத் அல்-காஷ்கரி, 1070-களில் பாக்தாத்தில் உட்கார்ந்து துருக்கியப் பேச்சுகளுக்கு அரபு மொழியில் ஒரு அகராதி எழுதினார். அரபுகளுக்குத் துருக்கியம் கற்றுக்கொடுப்பது நோக்கம். இன்று நம்மிடம் இருப்பது 1266-இல் எடுத்த ஒரே ஒரு படி. முதல் உலகப்போர்க் காலத்தில் இஸ்தான்புல் புத்தகச் சந்தையில் அலி எமிரி என்ற புத்தகப் பித்தர் அதை வாங்கியிராவிட்டால் இந்தப் பதிவில் பாதி இருக்காது. காஷ்கரி ஊர் ஊராகப் பேச்சைக் கேட்டவர். அந்த மெல்லிய தகரத்தை அரபு 'தால்' எழுத்தில், நுனிநாக்கு ஒலியாக எழுதிவிட்டு, கிப்சாக்குகள், பல்கார்கள் முதலியோர் அதை ஸகரமாக்கி 'அஸக்' என்கிறார்கள், வேறு சில கூட்டத்தார் அதே ஒலியை யகரமாக்குகிறார்கள் என்று குறித்து வைத்தார். மேற்கே ஐரோப்பாவில் ஒப்பியல் மொழியியல் என்ற பேச்சு எழுவதற்கு எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னால்! பல்கார்கள் சுவாஷ்களுக்கு முன்னோர் வழி என்பதால், இன்றைய உராவின் ரகரத்துக்கு முன்னால் ஒரு ஸகரம் இருந்து போயிருக்கலாம் என்றும் இதைக் கொண்டு சொல்கிறார்கள்.

ஆக, அதக். முடிந்ததா? முடியவில்லை, கலஜ் மொழி வாசலில் நிற்கிறது, தலையில் ஹகரத்தோடு.

நடு ஈரானின் சில கிராமங்களில் மட்டும் பேசப்படும் அந்த மொழியை மினோர்ஸ்கி என்ற அறிஞர் முன்பே பதிவு செய்திருந்தார். 1968 முதல் ஜெர்மானியர் கெர்ஹார்ட் தோயர்ஃபர் அதைத் தோண்டித் துருவி, இது வெறும் கிளைப்பேச்சு இல்லை, தனியாகவே நிற்கும் பழைய கிளை என்றார். அவர் பிடித்த முக்கியமான நூல் இந்த ஹகரம். மற்ற மொழிகளில் உயிரெழுத்தில் தொடங்கும் சில சொற்கள் கலஜில் மட்டும் ஹகரத்தோடு தொடங்குகின்றன. எல்லாச் சொல்லிலும் வந்திருந்தால் அது அவர்கள் வாய்ப் பழக்கம் என்று விட்டுவிடலாம். சிலவற்றில் வருகிறது, சிலவற்றில் வரவில்லை. மறுபடியும் அதே கிண்ணத்து வாதம்தான்: சும்மா இருந்த உயிரெழுத்துகளில் சிலவற்றுக்கு மட்டும் ஹகரம் முளைத்தது என்பதைவிட, எல்லாருக்கும் இருந்ததைக் கலஜ் மட்டும் காப்பாற்றியது என்பது எளிது. சுவையான விஷயம், காஷ்கரியும் இப்படி ஒரு ஹகரத்தைக் கேட்டிருக்கிறார். கோத்தான், கெஞ்செக் பக்கத்து ஆட்கள் அப்பாவை 'அத்தா' என்னாமல் 'ஹத்தா' என்கிறார்கள் என்று எழுதி, துருக்கியப் பேச்சில் இல்லாததைச் சேர்ப்பதால் அவர்களைத் துருக்கியராகவே எண்ணுவதில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த ஹகரமும் கலஜ் ஹகரமும் ஒன்றா என்பது தனி வழக்கு. ஆனாலும் இவ்வளவு கூர்மையான காதுக்கும் ஒரு சாதிப் பெருமை இருந்தது பாருங்கள்.

ஹகரம் எங்கிருந்து வந்தது? பகரத்திலிருந்து என்று ஒரு சாரார். இதை நம்ப நமக்குக் கஷ்டமே இருக்காது, ஏனென்றால் நம் வீட்டுக்குப் பக்கத்திலேயே நடந்திருக்கிறது. தமிழில் பால், கன்னடத்தில் ஹாலு. பல், ஹல்லு. பத்து, ஹத்து. பழங்கன்னடத்தில் பகரமாக இருந்தது பின்னால் ஹகரமாகி, கிராமத்துப் பேச்சில் சிலருக்கு அந்த ஹகரமும் கரைந்து போகிறது. ப, ஹ, ஒன்றுமில்லை. அதே படிக்கட்டில் பதக், ஹதக், அதக் என்று இறங்கியிருக்கலாம்.

இந்த இடத்தில்தான் ஜாக்கிரதை வேண்டும். பதக் என்று எழுதியதுமே சமஸ்கிருத 'பாதம்' காதில் மணி அடிக்கும். லத்தீனும் கூட வந்து சேரும். இன்னொருவர் 'அதக்கை விடுங்கள், நம்ம அடி இருக்கே!' என்பார். திருவடி, காலடி, அடியேன். பொருள் கச்சிதமாகப் பொருந்துகிறதே! கால்டுவெல்லே 1856-இல் வந்த தன் ஒப்பிலக்கணத்தில் திராவிட மொழிகளைச் 'சித்தியன்' கூட்டத்தோடு உறவாக்கப் பார்த்தார். துருக்கியமும் அந்தக் கூட்டத்தில் அடக்கம். அவர் கட்டிய திராவிடக் குடும்பம் நின்றது, சித்தியன் உறவு நிற்கவில்லை. காரணம் எளிது. ஒரு கால் போதாது. பிர்ச் மரமும் மீனும் மண்ணும் வயிறு நிறைவதும் கூடவே வர வேண்டும், அதே தாளத்தில். அடிக்கும் அதக்குக்கும் நடுவே அப்படி ஒரு வரிசை கிடையாது. நம் சொல்லில் இருப்பது நாமடி டகரம், அவர்கள் சொல்லில் பல்லடித் தகரம். இந்த வித்தியாசம் ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வந்தால் பேசலாம், வரவில்லை. உண்மையில் நமக்குத் துருக்கியத்தோடு இருக்கும் தொடர்பு இரத்த உறவு இல்லை, சாப்பாட்டு உறவு. வறுத்தது என்ற பொருளில் வரும் 'கவுர்மா' உருது வழியாக வந்து நம் குருமா ஆனது. பொடியாக நறுக்கியது என்ற 'கிய்மா' நம் கைமா.

என்னைக் கேட்டால், ஊகித்து மீட்ட வடிவம் என்று காட்டும் உடுக்குறி போட்டு *ஹதக் என்று எழுதுவேன், பதக் என்று எழுதமாட்டேன். ஹகரத்துக்குக் கலஜ் சாட்சி நிற்கிறது. பகரத்துக்குத் துருக்கிய மொழிகளுக்குள்ளேயே நேரடி சாட்சி யாரும் வரவில்லை. மங்கோலியம், துங்கூசியம் என்று வெளியே போய் ஆள் கூட்டி வர வேண்டும். அந்த மொழிகளெல்லாம் ஒரே குடும்பமா, பக்கத்தில் வாழ்ந்து கடன் வாங்கிக்கொண்டவையா என்ற சண்டையே இன்னும் ஓயவில்லை. சாட்சி இருக்கிற இடத்தோடு நிறுத்திக்கொள்வது என் கட்சி. துணிச்சல்காரர்கள் பதக் எழுதட்டும்.

போகிற போக்கில் ஒன்று. கால் என்ற சொல் கீழ்முனை, ஆறு கடலில் சேரும் இடம் என்ற பக்கமும் சாயக்கூடியது. துவாவின் அதக் அந்த வழியில்தான் போயிருக்கிறது. கருங்கடலுக்கு வடக்கே தோன் நதி கடலில் கலக்கும் இடத்தில் ஒரு பழைய ஊர் இருக்கிறது. ரஷ்யர்கள் அஸோவ் என்கிறார்கள், துருக்கியர்கள் அஸக் என்கிறார்கள். கிப்சாக் பேச்சின் அதே அஸக்தான் இது, தாழ்ந்த முகத்துவாரம் என்ற பொருளில் வந்த பெயர் என்பது ஒரு விளக்கம். எல்லாரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அந்தப் புல்வெளியில் கிப்சாக்குகள் வாழ்ந்ததும், காஷ்கரி அவர்கள் வாயில் கேட்டது ஸகரம் என்பதும் அந்த விளக்கத்துக்குச் சாதகம். அது சரியென்றால், வீட்டில் காலை அயக் என்று சொல்லும் துருக்கிக்காரர், வானிலை அறிக்கையில் 'அஸக் தெனிஸி' என்று அந்தக் கடல் பெயரைக் கேட்கும்போதெல்லாம் பக்கத்து வீட்டு உச்சரிப்பில் தன் காலைத்தான் கேட்கிறார்.